முங்குவதற்கு ஒரு சான்றிதழ்

போன வாரம் கடற்கரை ஊரிலிருந்து மூன்று இளைஞர்கள் மேலப்பாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூவரும் டைவர்கள். துறைமுகத்திலும் அணைகளிலும் ஒப்பந்த வேலைக்கு முங்குகிறவர்கள். இனிமேல் அரசாங்க வேலைக்கு டெண்டர் போடும் கம்பெனி, தண்ணீருக்குள் இறங்கும் ஒவ்வொரு ஆளின் சான்றிதழையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். தேதி முடிந்திருந்தால் மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி தேர்வு.

"கடல்லயே வளந்தவனுக்கு எதுக்கு மாமா பேப்பரு?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

நான் சிரித்தேன். பதில் என்னிடம் இருந்தது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் காசிமும் அந்தக் கடற்கரை ஊரில் ஒரே தெருவில் பிறந்தோம். மீசை அரும்புவதற்கு முன்பே ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போனோம். மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடிக்குப் போய், மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுத்து மேலே வர வேண்டும். காசிம் என்னைவிட அதிக நேரம் கீழே இருப்பான். வள்ளத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்க்க ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் சிரித்துக்கொண்டு வெளியே வருவான். பிறகு அவனுடைய தங்கை ஜெய்னம்பை நான் நிக்காஹ் செய்துகொண்டேன். முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கவனம் தப்பினால் தாலி இழப்பது அவன் வீட்டுப் பெண் அல்லவா! அப்படித்தான் காசிம் எனக்குக் கயிறு பிடித்தான். நான் மேலே வந்ததும் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு அவன் முங்குவான்.

சங்கு குறைந்துபோன காலத்தில் இருவரும் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தோம். துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுவது, மிதவைச் சங்கிலிகளைச் சரிபார்ப்பது, மழைக்குப் பிறகு அணை ஷட்டர்களைப் பார்ப்பது என்று வேலை வந்துகொண்டிருந்தது. அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. சேரன்மகாதேவிக்காரர். ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த சைவக் குடும்பம். இவர் கடற்படைக்குப் போய் டைவராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, தோளில் மடித்த துண்டு. அணைக்கட்டின் மேல் அவர் நடந்து வந்தால் கோயிலுக்குப் போகிறவர் என்றுதான் நினைப்பார்கள்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை தொடங்கும் முன் கம்ப்ரஸரிலிருந்து டைவரின் வாய்க்குப் போகும் ரப்பர் குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையே ஓடவிடுவார். சின்ன வெடிப்பு இருந்தாலும் விரல் நின்றுவிடும். பிறகு குழாயின் முனையைத் தன் வாயில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தக் காற்றையே கொஞ்ச நேரம் சுவாசிப்பார். எண்ணெய் நாற்றம் அடித்தால் அன்றைக்கு வேலை கிடையாது. எல்லாம் சரியென்றால் டைவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பார்.

"சாப்பிட்டீரா? தூங்கினீரா? வீட்ல எல்லாரும் நல்லாப் பேசுதாங்களா?"

மூன்றாவது கேள்விக்குத் தயங்கினவனை அவர் தண்ணீரில் இறக்கவே மாட்டார். மனசு வீட்டில் கிடந்தால் உடம்பு மட்டும் கீழே போய் என்ன செய்யும் என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசாங்க ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை வந்தது. தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஒருவர் கீழே இருக்கும்போது சான்றிதழ் பெற்ற இன்னொருவர் உடை மாட்டி மேலே தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் காசிமும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தோம். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை.

அந்த டாக்டரின் அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. பச்சைத் திரை, சுவரில் காதின் படம். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. காசிமின் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து, ஜவ்வில் ஓட்டை இருக்கிறது, பழைய ஓட்டை என்றார். பிறகு குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் அந்தக் காதில் விட்டார். காசிம் எழுந்து நின்றான். நின்ற இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தான். அவன் கைகள் காற்றில் எதையோ தேடின. மேசையின் விளிம்பு அகப்பட்டதும் அதை இறுகப் பிடித்துக்கொண்டான். கடலின் அடியில் அத்தனை நேரம் நிதானமாக இருக்கிறவன், மின்விசிறி ஓடும் ஒரு சின்ன அறையில் விழப்போனான்.

"உப்புத் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும், இதுவரைக்கும் தப்பிச்சிட்டீங்க. அணைத் தண்ணி அடியில சில்லுன்னு இருக்கும். உள்ள ஏறிச்சின்னா மேல எது, கீழ எதுன்னு தெரியாது. மேல வர்றதா நினைச்சுக் கீழ போயிருவீங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் காசிம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். ஜெய்னம்பு அடுக்களையில் இருந்தாள்.

"மச்சான், அடுத்த மாசம் மதுரையில வேற டாக்டரு பாக்காராம். நீ எம்பேர்ல போய்ட்டு வந்திரு. போட்டோல தாடிதான தெரியுது? ஒம் மூஞ்சா எம் மூஞ்சான்னு எவன் பாக்கப்போறான்?"

"பரிசோதனைக்கு எங் காதக் கொண்டுபோலாம் மச்சான். தண்ணிக்குள்ள போறது ஒங் காதுல்லா?"

"இம்புட்டு நாளும் இந்தக் காதோடதான முங்கினேன்? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த ரூம்ல நீ மேசையப் பிடிச்சிக்கிட்டு நின்னதும் தெரியும்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபத்தைவிட வெட்கம்தான் முகத்தில் அதிகமாக இருந்தது. அதை நான் பார்த்துவிட்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். தங்கை கொண்டுவந்த டீ அப்படியே இருந்தது.

"எங் காக்காவுக்கு ஒரு ஒத்தாச செய்யக் கூடாதா ஒங்களுக்கு?" என்று அண்ணனுக்காகப் பேசினாள் ஜெய்னம்பு.

"எந்த ஒத்தாசன்னு தெரிஞ்சுதான் பேசுதியா? நாளைக்கி அவன் கீழ போய் வரலன்னா ஒம் மதினி மொகத்துல முழிக்கது யாரு?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டு மூன்று நாள் சோறு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. பிறகு அவள் பேசினாள். காசிம் பேசவில்லை.

பயிற்சிக்காக நான் மட்டும் கொச்சிக்குப் போனேன். ஓயாத மழை. வகுப்பில் பாதி புரிந்தது, பாதியைப் பக்கத்தில் இருந்தவர்கள் புரியவைத்தார்கள். இரும்பு அறைக்குள் எங்களை உட்காரவைத்துக் கதவை அடைத்துக் காற்றின் அழுத்தத்தை ஏற்றுவார்கள். குரலெல்லாம் வாத்துக் குரலாக மாறும். ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். ஊர் நினைவு வரும்போதெல்லாம் காசிமும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பதுபோலவே இருக்கும். கடைசியில் என் படம் ஒட்டிய ஒரு அட்டை கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். காசிமுக்கு அதைக் காட்டவில்லை. அவன் கேட்கவுமில்லை.

அணை வேலைகள் அதிகமான சமயத்தில் அண்ணாச்சி ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"ஓய் செய்யது, உம்ம மச்சான் கயிறு பிடிப்பாராவே?"

"அவன விட்டா வேற ஆளு கெடையாது அண்ணாச்சி. ஆனா எங்கூடப் பேச மாட்டான்."

"கயிறு பிடிக்கதுக்குப் பேசணும்னு எவஞ் சொன்னான்?"

அண்ணாச்சியே போய்க் கூப்பிட்டார். காசிம் வந்தான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேலையிலும் என் இடுப்புக் கயிற்றின் மறு முனை அவன் கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் மேலே வருகிறேன். விடாமல் இழுத்தால் ஆபத்து. கரையில் அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். சோற்றுப் பொட்டலத்தைக்கூட அந்தோணி கையில்தான் கொடுத்தனுப்புவான். அந்தோணி எங்களோடு இருந்த இன்னொரு டைவர், கடற்கரைக்காரர்தான். ஆனால் நான் தண்ணீருக்குள் போனதும் கயிறு வழியாகக் காசிம் கேட்பான். நான் பதில் சொல்வேன்.

நான் சொல்ல வந்த வேலை தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தாமிரபரணிக்குத் தண்ணீர் விடும் அணைகளில் ஒன்று, மலையடிவாரத்தில். பெயர் வேண்டாம். மலையில் சாரல் இன்னும் இறங்கவில்லை. ஆறு மணலுக்கு நடுவே வாய்க்கால்போல ஓடிக்கொண்டிருந்தது. கார் சாகுபடிக்கு நாற்று வளர்ந்து நிற்கிறது, தண்ணீர் திறக்க வேண்டும். திறக்கப் போனால் ஷட்டர் எழும்பவில்லை.

அந்த அணையின் அடியில் சுரங்கம் மாதிரி ஒரு வழி உண்டு. தண்ணீர் இருக்கும் பக்கம் ஒரு ஷட்டர், வெளியே ஆற்றின் பக்கம் ஒரு ஷட்டர். உள்ளே இருக்கும் ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளத்தில், அதாவது காடியில், எப்போதோ வெள்ளத்தில் வந்த மரத்தடி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. ஷட்டர் ஒரு சாண்கூட உயராமல் நின்றது. அந்த இடுக்கு வழியாக வரும் தண்ணீர் எந்த வயலுக்கும் போதாது. தடியை அறுத்து எடுக்க வேண்டும். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் நாள் முழுக்க அண்ணாச்சி தண்ணீரைத் தொடவிடவில்லை. வெளிப்பக்கத்துச் சக்கரத்துக்குப் போய், அந்த ஷட்டரை முழுதாக மூடவைத்தார். அது மூடியிருந்தால் சுரங்கத்துக்குள் தண்ணீர் நிறைந்து நின்றுவிடும், உள்ளே இழுப்பு இருக்காது. அது திறந்தால் அணைத் தண்ணீர் முழுவதும் அந்த இடுக்கை நோக்கி அழுத்தும், பக்கத்தில் இருக்கும் ஆளையும் சேர்த்து. சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அங்கே வேலை பார்த்த ஆபரேட்டரை அருகில் உட்காரவைத்தார்.

"நான் நேர்ல வந்து சொல்லுத வரைக்கும் இதத் தொடப்பிடாது. கலெக்டர் வந்து சொன்னாலும் தொடப்பிடாது. என்ன?"

"சரிங்க அண்ணாச்சி" என்றார் ஆபரேட்டர்.

பிறகு ஒரு சாக்கில் வைக்கோலும் கொஞ்சம் மணலும் அடைத்துக் கயிற்றில் கட்டி, நான் இறங்கப்போகிற இடத்தில் அண்ணாச்சியே மெதுவாகக் கீழே விட்டார். அதை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டே கயிற்றில் விரலை வைத்திருந்தார். சாக்கை ஏதாவது இழுக்கிறதா என்று பார்ப்பதற்காக. நெடுநேரம் அப்படியே நின்றார். மேலே மலைப்பாதையில் மாஞ்சோலைக்குப் போகும் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வளைவுக்குள் மறைந்தது. தண்ணீரில் மலையின் நிழல் அசையாமல் கிடந்தது. "இழுப்பு இல்ல" என்றார் கடைசியில்.

மறுநாள் காலையில் அந்தோணியைக் கூப்பிட்டு அந்த மூன்று கேள்விகளைக் கேட்டபோதே சிக்கல் வந்துவிட்டது. பதில் எல்லாம் சரி. ஆனால் குரல் மூக்கில் வந்தது. சளி பிடித்திருந்தால் காதில் அழுத்தம் சமமாகாது, இறங்கக் கூடாது. அண்ணாச்சி அவர் தோளில் தட்டி, "போய் வெயில்ல உக்காரும்" என்று அனுப்பிவிட்டார்.

முங்கும் ஆட்களில் சான்றிதழோடு இறங்கக்கூடியவன் இப்போது நான் ஒருவன்தான். அணைமேல் விவசாயிகள் கூடியிருந்தார்கள். அவர்கள் கத்தவில்லை. சும்மா நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. வேலையை மேற்பார்த்த உதவிப் பொறியாளர் இளைஞர், நல்லவர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வேர்த்துப்போயிருந்தார்.

"சார், காசிம் அண்ணன் இருக்காருல்லா? அவரும் முங்கத் தெரிஞ்சவர்தான? ட்ரெஸ்ஸ மாட்டிச் சும்மா உக்கார வச்சாப் போதும். எறங்கவா போறாரு? ரெண்டு பேருங்கிற நிபந்தன சரியாப் போயிரும்."

அண்ணாச்சி பைய அவர் பக்கம் திரும்பினார்.

"உக்காந்திருக்கவன் எதுக்கு உக்காந்திருக்கான் தம்பி? எறங்க வேண்டி வந்தா எறங்கதுக்குத்தான? எறங்கக் கூடாதவன உக்கார வச்சா அது வெறும் நாக்காலி."

காசிம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. கை ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி சுற்றத் தொடங்கியது.

"அப்ப நாளைக்கித்தானா சார்?" என்றார் பொறியாளர். அழுதுவிடுவார் போலிருந்தது.

அண்ணாச்சி தன் பையைத் திறந்தார். வேட்டியை அவிழ்த்து நான்காக மடித்து அதன்மேல் துண்டை வைத்தார். உள்ளேயிருந்து பழைய ரப்பர் உடையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். வயிற்றுப் பக்கம் ஏறவில்லை. அந்தோணி வந்து இழுத்து மூடிவிட்டார். விவசாயிகளில் யாரோ சிரித்தார்கள். ஐம்பது தாண்டியவர். வேலையே கரையில் நிற்பதுதான் என்றாலும், வருஷம் தவறாமல் டாக்டரிடம் போய்க் காதையும் நெஞ்சையும் காட்டித் தன் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். அது எங்களுக்கெல்லாம் தெரியும். அவர் பின்னால் கேலியும் செய்திருக்கிறோம்.

"சாப்பிட்டீரா? தூங்கினீரா?" என்று என்னிடம் கேட்டார். "வீட்ல?"

"வீட்ல பேசுதாங்க அண்ணாச்சி."

அவர் காசிமையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. பிஸ்மி சொல்லி இறங்கினேன்.

அணைத் தண்ணீருக்குள் போவது கடலுக்குள் போவதுபோல் இல்லை. கடல் அசைந்துகொண்டே இருக்கும், ஏதாவது ஓசை இருக்கும். இங்கே முதலில் இளம் பச்சை, பிறகு கரும்பச்சை, பிறகு தேநீரின் நிறம். ஒரு இடத்தில் கோடு போட்டதுபோல் குளிர் தொடங்கும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் நம் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. கரைச் சரிவில், அணை கட்டும் முன் நின்ற மரம் ஒன்று அப்படியே நின்றது. இலை இல்லை, சின்னக் கிளைகூட ஒடியவில்லை. அதன்மேல் வண்டல் படிந்து, விளக்கு வெளிச்சத்தில் பூத்திருப்பதுபோல் இருந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு ஷட்டரிடம் போனேன்.

தடி ஊறிக் கறுத்திருந்தது. கைரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தேன். தண்ணீருக்குள் அவசரப்பட முடியாது. ரம்பத்தை இழுத்தால் உடம்பு முன்னால் போகும், தள்ளினால் பின்னால் போகும். தொட்டில் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டே வேலை பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை. தூக்கத்தில் இருப்பதுபோலவும் இருந்தது, எல்லாம் துல்லியமாகத் தெரிவதுபோலவும் இருந்தது. அவ்வப்போது கயிறு ஒரு முறை அசையும். நானும் ஒரு முறை இழுப்பேன்.

கடைசியில் தடி இரண்டாகப் பிளந்து காடியை விட்டு நழுவியது. மேல் துண்டு சுழன்றுகொண்டே எழும்பிப் போவதைப் பார்த்தேன்.

பிறகு மேலே நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரத்துண்டு தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்ததும் அணைமேல் நின்றவர்கள் எல்லாம் ஒரே குரலாகச் சத்தம் போட்டார்கள். சந்தோஷச் சத்தம். அது அணையின் மறுபக்கம் கீழே சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டருக்குக் கேட்டது. வேலை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அவருக்கும் அந்த ஊரில்தான் வயல். சிவப்புத் துணியை அவிழ்த்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார்.

கீழே எனக்கு முதலில் தெரிந்தது மீன்கள். விரல் நீளத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு கூட்டம் ஷட்டர் அருகே நின்றுகொண்டிருந்தது. அவை எல்லாம் சட்டென்று ஒரே பக்கம் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாக என் முழங்காலைத் தாண்டி அந்த இடுக்குக்குள் போய் மறைந்தன. அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அடுத்த மூச்சில் என் இடது காலை யாரோ பிடித்து இழுத்தார்கள். பாதம் உள்ளே போனது, முழங்கால் வரை போனது. தொடை ஷட்டரின் இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. கையை ஊன்றித் தள்ளினேன், அசையவில்லை. காற்றுக் குழாயும் வளைந்து இடுக்கைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அதுவும் உள்ளே போய் நசுங்கினால் என் கதை முடிந்தது. கயிற்றை விடாமல் இழுத்தேன்.

நான் இழுக்கும் முன்பே காசிமுக்குத் தெரிந்துவிட்டதாம். தொய்ந்து தொங்கிய கயிறு அவன் கையில் விறைத்து நடுங்கியிருக்கிறது.

"வெளிச் சக்கரத்தத் தொறந்துட்டானுவ! மூடச் சொல்லு! மூடச் சொல்லு!"

அப்படி ஒரு சத்தத்தை அவனிடமிருந்து யாரும் கேட்டதில்லை. பொறியாளர் செருப்பை உதறிவிட்டு அணையின் மேல் ஓடினார். அண்ணாச்சி முகமூடியை மாட்டிக்கொண்டு தன் கயிற்றின் முனையைக் காசிமிடம் நீட்டினார். காசிம் எழுந்துவிட்டான். குதிக்கத்தான் எழுந்தான் என்று அந்தோணி பிற்பாடு சொன்னார்.

"நீரு இரும். இத உம்மளத் தவிர வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி இறங்கினார்.

காசிம் உட்கார்ந்தான். ஒரு கையில் என் கயிறு, மறு கையில் அவருடைய கயிறு.

கலங்கிய தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு வெளிச்சம் என்னிடம் வந்தது. அண்ணாச்சி இடுக்குக்கு நேரே வராமல் சுவரை ஒட்டி, இழுப்பில் மாட்டாமல் பைய வந்தார். முதலில் என் காற்றுக் குழாயைப் பிடித்துத் தன் முன்கையில் சுற்றிக்கொண்டார். பிறகு உள்ளங்கையை என் நெஞ்சின் மேல் வைத்தார். என் மூச்சு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரலால் என் நெஞ்சில் மெதுவாகத் தட்டினார். பிள்ளையைத் தூங்கவைக்கிற தட்டு. அதற்குத் தகுந்தபடி மூச்சு விட ஆரம்பித்தேன்.

செய்வதற்கு வேறொன்றும் இல்லை. சக்கரம் மூடும்வரை காத்திருக்க வேண்டும். காலில் வலி போய் மரத்துவிட்டது. தூரத்தில் அந்த மரம் மங்கலாகத் தெரிந்தது. கிளையிலிருந்த வண்டல் பொடிப்பொடியாகக் கிளம்பி எங்களை நோக்கி வந்து, காற்றில் மகரந்தம் போவதுபோல் கடந்து போனது. சாகப்போகிறேன் என்று ஒரு பக்கம் தெரிந்தது. இன்னொரு பக்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருந்தது. அவ்வப்போது இடுப்பில் கயிறு ஒரு முறை அசையும். நன்றாக இருக்கிறாயா? நான் ஒரு முறை இழுப்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பான். மறுபடி சொல்வேன்.

பிறகு வண்டல் பறப்பது நின்றது. மிச்சம் இருந்த மீன்கள் கலைந்து அதனதன் பாட்டுக்குத் திரும்பின. பிடித்திருந்த கை விட்டதுபோல் என் கால் விடுபட்டது.

மேலே என்னைத் தூக்கிப் போட்டபோது கால் முழுவதும் கன்றிப்போயிருந்தது. எலும்புக்குச் சேதமில்லை. காசிம் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் தடவினான். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணாச்சி ஈர உடையோடு அணையைக் கடந்து ஆபரேட்டரிடம் போனார். ஆபரேட்டரை அடிக்கப் போகிறார் என்று எல்லோரும் அண்ணாச்சியின் பின்னால் ஓடினார்கள். ஆபரேட்டர் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "சத்தம் கேட்டுச்சு அண்ணாச்சி, முடிஞ்சிட்டுன்னு நெனச்சிட்டேன்" என்றார். அண்ணாச்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "துணி கட்டினது போதாதுவே. பூட்டு போட்டிருக்கணும். அது என் வேல" என்றார். அன்றிலிருந்து அவர் பையில் ஒரு பெரிய பூட்டும் சங்கிலியும் இருந்தன. அவருக்குப் பிறகு நான் மேற்பார்வைக்கு வந்தபோது, பூட்டின் சாவி டைவரின் கழுத்தில் தொங்கினால்தான் வேலை ஆரம்பம் என்று வைத்தேன்.

அந்த இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். அன்றைக்கு உடை மாட்டி உட்கார்ந்திருந்தது காசிம் என்றால் அவன் யோசிக்காமல் குதித்திருப்பான். அந்தக் குளிர்க்கோட்டைத் தாண்டியதும் அவனுக்கு மேல் கீழ் தெரியாமல் போயிருக்கும். ஜெய்னம்பு ஒரே நாளில் இருவரையும் இழந்திருப்பாள். காசிமுக்கு நீச்சல் தெரியாது என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. அவன் எங்கே இருக்கக் கூடாது என்பதைத்தான் டாக்டர் எழுதினார். எங்கே இருக்க வேண்டும் என்பதை அண்ணாச்சி கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு, நான் வேலையை விடும்வரை, எங்கள் கம்பெனியில் யார் முங்கினாலும் கயிறு காசிமிடம்தான்.

மறுநாள் காலை ஷட்டர் எழும்பியது. தண்ணீர் திறந்ததும் அண்ணாச்சி எங்கள் இருவரையும் சேரன்மகாதேவியில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் நான் ஒரு சீட், காசிம் இன்னொரு சீட். வீட்டில் அண்ணாச்சியின் மனைவி தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தார்கள். காசிம் அவர்களோடு பேசினான், அவர்கள் மகளோடு பேசினான், தெருவில் போனவரோடும் பேசினான்.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றுக்குப் போனோம். அண்ணாச்சி யாரையோ பார்த்துப் பேச நின்றுவிட்டார். நானும் காசிமும் படித்துறையில் கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டோம். எதிர்க்கரையில் கொக்குகள் மணலில் நின்றன. தண்ணீர் வெதுவெதுப்பாக, கணுக்கால் அளவுக்கு இருந்தது. வயல்களின் மேல் வெயில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகியது.

திடீரென்று காலில் சில்லென்று பட்டது. அந்தக் குளிர் எனக்குத் தெரிந்த குளிர், அணையின் அடியில் பட்ட அதே குளிர். காசிமும் காலைப் பார்த்தான்.

"மச்சான்" என்றான்.

இத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சொல். நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

"கீழ என்ன பாத்தே?"

மீன்கள் ஒரே பக்கமாகத் திரும்பியதைச் சொன்னேன். இலையில்லாமல் நிற்கும் மரத்தைச் சொன்னேன், அதன் கிளையில் படிந்திருந்த வண்டல் பூப்போலப் பறந்து வந்ததைச் சொன்னேன். யாரிடமும், ஜெய்னம்பிடம்கூட, சாவு பக்கத்தில் நின்றபோது அது அழகாக இருந்தது என்று நான் சொன்னதில்லை. அவனிடம் சொன்னேன். அவன் கடலின் அடியில் கிடந்தவன், அவனுக்குப் புரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"சின்னக் கெளகூட ஒடியலயா?"

"ஒடியல."

தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"நான் கயித்தத்தான் மச்சான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். "கண்ண எடுக்கவே இல்ல."

தண்ணீர் கைலியைத் தொட்டது. இருவரும் கைலியைச் சுருட்டிக்கொண்டு ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தோம்.